கறார் விலையும் கடைச் சட்டமும்

கடையில் பொருள் வாங்கும்போது கொடுக்கப்படும் ரசீதை நம்மில் பெரும்பாலோர் கடைசி வரி வரையில் படிப்பதில்லை. மேலே கடையின் பெயரைப் பார்க்கிறோம். நடுவே தொகையைச் சரிபார்க்கிறோம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். அடியிலே, எறும்பு ஊர்ந்தாற் போன்ற சிறிய எழுத்தில், ஒரு வரி அச்சாகியிருக்கும். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, மாற்றித் தரப்படமாட்டாது” என்பது அது. சில கடைகளில் இதுவே பலகையில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும். பெரம்பலூர்க் கடைத்தெருவிலும் அரியலூர்க் கடைத்தெருவிலும் என் கைக்கு வந்த ரசீதுகளுள் இவ்வரி இல்லாதவை மிகச் சில. மாணவச் செல்வங்களே, இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

இந்த வரி நம் ஊருக்குப் பழையதன்று. நான் சிறுவனாக இருந்த காலத்தில், கடைக்காரர் கல்லாப்பெட்டியின் முன் திண்டில் சாய்ந்து அமர்ந்திருப்பார். அவரே முதலாளி, அவரே கணக்கர், வழக்கு வந்தால் அவரே நீதிபதி. விலை கேட்டால் ஒன்று சொல்வார். நாம் குறைத்துக் கேட்போம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சிறிது இறங்கி வருவார். பேரம் முடிந்து பொட்டலம் கட்டிய பிறகு, கொசுறு என்று ஒரு கைப்பிடி தனியே வந்து விழும். வாங்கிப்போன துவரம்பருப்பில் வண்டு இருந்தால், மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுபோவோம். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது மாற்றித் தருவார். அடுத்த வாரமும் அதே முகத்தை அவர் பார்த்தாக வேண்டுமன்றோ! “இன்று ரொக்கம், நாளை கடன்” என்று பலகை எழுதி மாட்டியிருப்பார். அந்தப் பலகையின் கீழேயே அமர்ந்து கடன் கணக்கும் எழுதிக்கொண்டிருப்பார்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ நான் வரவில்லை. படியின் அடியில் புளியை அப்பி அளவைக் குறைத்தவர் அன்றும் இருந்தனர். தராசைச் சுண்டுவிரலால் தட்டுவதில் கைதேர்ந்தவர் இருந்தனர். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை. பகலெல்லாம் களையெடுத்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் கடைக்கு வரும் கூலிக்காரப் பெண்ணுக்கு ஒரு விலை. கடைக்காரர் யாருக்கு விட்டுக்கொடுப்பார், யாரைப் படியேற விடமாட்டார் என்பதை நிலமும் சாதியும் தீர்மானித்தன. மனிதர் தம் விருப்பப்படி காட்டும் தாட்சணியத்தில் இந்தக் குறை எப்போதும் உண்டு.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போதும் விற்கும்போதும் நடுநிலை தவறாதவர் என்று பாராட்டியதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஒருமுறை அப்பகுதியை நான் வகுப்பில் நடத்தியபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எல்லா வணிகரும் அப்படி இருந்திருந்தால் புலவர் அதைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருப்பாரா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆகவே அளவும் விலையும் தனிமனிதர் மனத்தை விட்டு விலகி, எல்லார்க்கும் ஒன்றாக அமைய வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. அளவையைப் பொறுத்தவரை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும், 1958 முதல் படிப்படியாக வந்த மெட்ரிக் முறையினாலும் அது நிறைவேறிற்று. பொட்டலத்தின்மேல் வரிகள் உட்பட அதிகபட்ச விற்பனை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. விலையைப் பொறுத்தவரை, ஒரே விலை என்ற கருத்தின் பிறப்பிடத்தைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

பாரிஸ் நகரில் ‘போன் மார்ஷே’ என்ற துணிக்கடை ஒன்று உண்டு. 1852இல் அரிஸ்டீட் பூசிக்கோ என்பவர் அதில் பங்குதாரராகச் சேர்ந்தார். அக்காலத்து ஐரோப்பியக் கடைகளிலும் நம் ஊர்ப் பேரமே நடந்துவந்தது. உள்ளே நுழைந்தவர் எதையேனும் வாங்காமல் வெளியே வருவதே மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட காலம் அது. பூசிக்கோ வழக்கத்தை மாற்றினார். ஒவ்வொரு துணிக்கும் விலை எழுதித் தொங்கவிட்டார். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. வாங்க விருப்பமில்லாதவரும் வந்து பார்த்துப் போகலாம் என்றார். வாங்கியவருக்கு மனநிறைவு இல்லையேல் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் வானமேக்கர் என்னும் வணிகரும் இதே வழியில் ஒரே விலையையும் பணத்தைத் திருப்பித் தரும் உறுதிமொழியையும் சேர்த்தே விளம்பரம் செய்தார். 

இங்கே சிறிது நின்று கவனிக்க வேண்டும். பேரம் பேசும் உரிமையை வாங்குவோரிடமிருந்து அந்த வணிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கினார்கள். ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுத்த ஒப்பந்தம் அது. முன்பின் அறியாத கடையில், சொன்ன விலைக்கு மறுபேச்சின்றி வாங்குவதற்கு ஒருவருக்குத் துணிவு வரவேண்டுமானால், ‘தவறிப்போனால் திருப்பிவிடலாம்’ என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையின்மேல்தான் அப்பெருங்கடைகள் எழுந்தன.

நம் ஊர்களுக்கு வந்தபோது இவ்வொப்பந்தத்தில் பாதிதான் வந்து சேர்ந்தது. “இங்குக் கறார் விலை, பேரம் பேசாதீர்” என்ற பலகை வந்தது. திருப்பிக் கொடுக்கும் உரிமை வரவில்லை. வராததோடு, வரமாட்டாது என்று ரசீதின் அடியில் அச்சும் ஆயிற்று. கறார் என்பது உருது வழியாக நம்மிடம் வந்த சொல். அம்மொழியில் அதற்கு உடன்பாடு என்ற பொருளும் உண்டு. இருவர் கூடிச் செய்யும் உடன்பாட்டைக் குறித்த சொல், நம்மிடம் ஒருவர் மட்டும் காட்டும் கண்டிப்பைக் குறிப்பதாயிற்று. சொற்களுக்கும் கடைத்தெருவில் இப்படிச் சில நட்டங்கள் நேர்ந்துவிடுகின்றன.

அண்மைக் காலத்தில் இணையவழிக் கடைகள் பல, குறிப்பிட்ட நாள்களுக்குள் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டு தாமதமாக மறுபாதி நம் வாயிலுக்கு வந்திருக்கிறது என்று சொல்லலாம். அதனால் உள்ளூர்ச் சிறு கடைக்காரர் படும் பாடு வேறு. அதற்குத் தனிப்பேச்சு வேண்டும்.

ஓய்வு பெற்ற பின் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டா. பெரம்பலூரில் ஒரு பெரிய கடையில் மேசை மின்விசிறி ஒன்று வாங்கச் சென்றேன். இயக்கிக் காட்டுமாறு கேட்டேன். “பெட்டியைப் பிரித்தால் அப்புறம் வேறொருவருக்கு விற்க முடியாது, ஐயா, அது கடையின் விதி” என்றார் அங்கு நின்ற இளைஞர். சரியென்று பணம் கட்டி எடுத்துவந்தேன். வீட்டில் பிரித்து இயக்கியதும் விசிறி, தண்டவாளத்தில் சரக்கு வண்டி போவது போன்ற ஓசையோடு தலையை ஆட்டிற்று. சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. மறுநாட்காலை கடை திறந்தவுடன் கொண்டுபோனேன். அதே இளைஞர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “பெட்டி பிரிந்துவிட்டதே, ஐயா, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை” என்றார்.

பிரிக்காமல் பழுது தெரியாது. பிரித்தால் பழுதுக்கு வழியில்லை. தருக்கநூல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நான் கோபப்பட்டுப் பேசினேன் என்பதை மறைக்கவில்லை. மேலாளர் வந்தார். நிறுவனத்தின் பழுதுநீக்கும் நிலையம் திருச்சியில் இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு அகன்றார். விசிறியைச் சுமந்துகொண்டு திருச்சிப் பேருந்தில் ஏறும் எண்ணம் எனக்கு இல்லை. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த இளைஞர் கிட்டே வந்து தாழ்ந்த குரலில், “எனக்கு மாற்றித் தரத்தான் ஆசை, ஐயா. கணினியில் அதற்கு வழியில்லை. மீறி மாற்றினால் என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்” என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. பழைய கடையில் எனக்கு எதிரே இருந்தவர் முடிவு செய்யும் மனிதர். இங்கே எதிரே நிற்பவருக்கு முடிவு செய்யும் உரிமை இல்லை. முடிவு செய்பவர் என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. நடுவே விதி ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது. கெஞ்சவும் அதனிடம் முடியாது, வாதாடவும் முடியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு பத்திகளில் ஒரு கடிதம் எழுதி, ரசீதின் படியை இணைத்துப் பதிவு அஞ்சலில் அந்தக் கடைக்கு அனுப்பினேன். சில நாள்களில் வேறு விசிறி வந்தது. அக்கடிதத்தில் நான் குறிப்பிட்டது சட்டத்தின் ஒரு பிரிவை மட்டுமே. அதை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ‘வாங்குபவனே விழிப்பாக இருந்துகொள்ளட்டும்’ என்ற பழைய ஐரோப்பியக் கொள்கையே அதன் 16ஆம் பிரிவின் அடித்தளம். எனினும் அப்பிரிவே சில விலக்குகளையும் கூறுகிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அவ்வேலைக்கு ஏற்றதாக இருந்தாக வேண்டும். அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், பொருளின் விவரத்தைக் கொண்டு வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் இவற்றை வெளிப்படையான உடன்பாட்டினால் மாற்றிக்கொள்ளலாம் என்று 62ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. நம் ரசீதின் அடிவரி அந்த வாயிலில் புகுந்து நிற்கப் பார்த்தது. பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் சீட்டில், படிக்க முடியாத எழுத்தில் உள்ளதை இருவர் செய்த உடன்பாடு என்று எப்படிக் கொள்வது? ஆயினும், இதைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தின் படியேற எத்தனை பேரால் முடியும்? 100 ரூபாய்ப் பொருளுக்கு வழக்கறிஞர் வைப்பார் உண்டோ?

இந்த நிலையை மாற்றவே 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிசம்பர் 24ஆம் நாளைத்தான் பள்ளிகளில் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2ஆம் பிரிவின் 47ஆம் உட்பிரிவு, நேர்மையற்ற வணிக நடைமுறைகள் யாவை என்று கூறுகிறது. அவற்றுள் இரண்டு நமக்கு வேண்டியவை. விற்ற பொருளுக்கு ரசீது தராமை ஒன்று. பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது மற்றொன்று. ரசீதில் காலவரை குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடவில்லையேல் 30 நாள்களுக்குள், இதைச் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே பழுதுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த அடிவரிக்கு வலிமை இல்லை. நாட்டின் சட்டம் ஒன்று சொல்ல, கடைக்காரர் அச்சிட்ட சட்டம் வேறொன்று சொன்னால், எது நிற்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

‘பழுதுள்ள’ என்ற சொல்லை மட்டும் அழுத்திப் படியுங்கள். நிறம் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டில் வேறு மாதிரி வாங்கியிருக்கிறார்கள் என்பவை பழுது ஆகா. கலியாணத்துக்கு உடுத்திக்கொண்டு போன புடவையை மறுநாள் மடித்துக் கொண்டுவந்து ‘வேண்டா’ என்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் கடைக்காரர் அந்த வரியை அச்சிட்டார். சிறு கடைக்காரரிடமிருந்து மொத்த வணிகர் திரும்பப் பெறமாட்டார். அந்த நட்டம் முழுவதும் அவர் தலையில் விழும். அவர் நிலையையும் நாம் பார்க்க வேண்டும். ஏமாற்ற வந்த பத்துப் பேரைத் தடுக்க எழுதிய வரி, ஏமாந்துபோய் வந்த நூறு பேரையும் சேர்த்துத் தடுக்கிறது என்பதே என் வருத்தம்.

முறையிடும் வழியும் இப்போது எளிது. 1995 வரையில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. மாவட்ட அளவில் எந்தக் குறையையும் முறையிடத் திருச்சிக்குத்தான் போக வேண்டும். அரியலூர் தனி மாவட்டமாக 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. தாம் வாழும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வழக்கறிஞர் வேண்டுமென்பதில்லை. குறை நேர்ந்த இரண்டாண்டுக்குள் எழுத வேண்டும். 1915 என்ற தொலைபேசி எண்ணிலும் முறையீட்டைத் தெரிவிக்கலாம். ஆனால் ரசீது வேண்டும். ‘ரசீது வேண்டா என்றால் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன்’ என்று சொல்லும் கடைக்காரர், நீங்கள் பிற்பாடு வாய் திறக்க முடியாதபடி அந்தக் குறைத்த காசுக்கு உங்கள் உரிமையை வாங்கிக்கொள்கிறார்.

விசிறி ஓடாவிட்டால் புழுக்கத்தோடு போயிற்று. விற்ற பொருள் திரும்பாது என்ற வரி உயிரைத் தொடும் இடம் ஒன்று உண்டு; அது விதைக்கடை. பெரம்பலூர்ச் சீமை மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போனது. இம்மானாவாரி நிலங்களில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கும் உழவர், நகையை அடகு வைத்து விதை வாங்குகிறார். விதை முளைக்கவில்லை என்பது தெரிவதற்குள் அது மண்ணுக்குள் போய்விட்டது. எதைத் திருப்பிக் கொடுப்பது? மறுபடி விதைக்கலாம் என்றால் பருவம் காத்திருக்குமா?

இந்தக் கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஆந்திர நாட்டு உழவர் சிலர், தேசிய விதைக் கழகத்திடம் வாங்கிய விதை பழுதானது என்று நுகர்வோர் மன்றங்களில் முறையிட்டு வென்றிருந்தனர். கழகம் மேல்முறையீடு செய்தது. விதைக்கென்று 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே நுகர்வோர் மன்றத்துக்கு இதில் வேலையில்லை என்றது. விதையின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் பழுது என்று தீர்ப்பளித்தது செல்லாது என்றும் வாதாடிற்று. 2012 ஜனவரி 16இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. விதை வாங்கும் உழவர் நுகர்வோரே என்றது. வாங்கிய விதை முழுவதையும் விதைப்பதற்கே உழவர் வாங்குகிறார். பின்னால் வழக்கு வரும் என்றெண்ணி ஒரு பிடியை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கலாகாது என்றும், மாதிரி வைத்திருக்கும் கடமையுடைய கழகமே அதை ஆய்வுக்கு அனுப்பியிருக்கலாம் என்றும் எடுத்துரைத்தது. நிலத்தைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது போன்ற தீர்ப்பு. உழவர் வீட்டுப் பிள்ளைகள் உங்களுள் பலர் இருப்பீர்கள். விதைப் பையையும், அதில் தைத்த அட்டையையும், ரசீதையும் அறுவடை வரையில் பரணில் பத்திரமாக வைக்கும்படி உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள். யூரியா வேண்டுமென்றால் கூடவே இந்த மருந்தையும் வாங்கியாக வேண்டும் என்று உரக்கடையில் கட்டாயப்படுத்தினால், அதற்கும் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

சிறிய தொகைக்கு யார் அலைவது என்று நாம் விட்டுவிடுவதுதான் கடைச் சட்டங்களுக்கு உரமாகிறது. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறோம். அதே மிட்டாயை நாம் அடுத்த முறை பணமாகக் கொடுத்தால் வாங்குவார்களா? சண்டிகரில் ஒருவர், பாட்டா கடையில் காலணி வாங்கியபோது காகிதப் பைக்கென்று 3 ரூபாய் சேர்த்து வாங்கப்பட்டதை எதிர்த்து முறையிட்டார். பையின்மேல் கடையின் விளம்பரம் இருந்தது. விளம்பரத்தைச் சுமப்பவரே அதற்குக் காசும் கொடுக்க வேண்டுமா என்பது வழக்கு. 2019 ஏப்ரலில் அங்குள்ள நுகர்வோர் மன்றம், அந்த 3 ரூபாயைத் திருப்பித் தருவதோடு, இழப்பீடும் வழக்குச் செலவும் நிதியுமாக 9,000 ரூபாய் செலுத்துமாறு ஆணையிட்டது.

10 ரூபாய் நாணயத்தின் கதையை நீங்களே அறிவீர்கள். செல்லாது என்று யாரோ கிளப்பிய வதந்தியைக் கடைகள் விதியாக்கிக்கொண்டன. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதை வாங்க மறுத்தனர். வெவ்வேறு வடிவமைப்பில் வந்த 14 வகை நாணயங்களும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பின்னும் மறுப்பு நின்றபாடில்லை. 2022இல் தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர், பிள்ளைகள் அந்நாணயங்களை வைத்து விளையாடுவதைக் கண்டு மனம் பொறாமல், மூட்டை மூட்டையாகச் சேர்த்துக்கொண்டுபோய்ச் சேலத்தில் அவற்றைக் கொண்டே மகிழுந்து ஒன்றை வாங்கினார். விற்பனையாளர் அமர்ந்து எண்ணியாக வேண்டியதாயிற்று!

இவையெல்லாம் வாங்குவோர் பக்கத்து நியாயம். எதிரே நிற்பவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் என் பேச்சு நொண்டியாகிவிடும். கடைச் சிப்பந்தி முகங்கொடுத்துப் பேசவில்லை, கேட்டதற்கு மறுமொழி இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற குறையை அடிக்கடி கேட்கிறோம். என்னிடம் படித்த பிள்ளைகளுள் சிலர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னைக்கும் திருச்சிக்கும் துணிக்கடை வேலைக்குச் சென்றார்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போது பார்க்க வருவார்கள். ‘சம்பளம் எப்படி?’ என்று நான் கேட்பேன். அவர்கள் காலைக் காட்டுவார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கதவு அடைக்கும் வரையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆள் வராத வேளையிலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் அபராதம். வசந்தபாலன் 2010இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ என்ற திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வாங்கியவர் பொருளைத் திருப்பக்கூடாது என்ற விதியும், விற்பவர் உட்காரக்கூடாது என்ற விதியும் ஒரே அறையில் எழுதப்பட்டவை. பத்து மணி நேரம் நின்ற காலோடு இன்முகம் காட்டுமாறு ஒருவரைக் கேட்பதற்கு நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதை நான் பலமுறை எண்ணியதுண்டு.

கேரள மாநிலம் 2018இல் கடைத் தொழிலாளர்க்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அமர்ந்துகொள்ளும்படி, எல்லாப் பணியாளர்க்கும் தக்க இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்பது அது. அன்று முதல் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. மேசைக்குப் பின்னால் முக்காலி இருக்கிறதா என்று பார்க்கிறது. சில கடைகளில் இருக்கக் கண்டேன். அரியலூரில் ஒரு துணிக்கடையில் புதிய முக்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் பிரித்துக் காட்டிய புடவைகள் மடிப்பதற்காக அடுக்கப்பட்டிருந்தன. உட்காருவதில்லையா, அம்மா, என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். “கேமரா இருக்குதுங்க ஐயா” என்று மேலே கண்ணைக் காட்டிவிட்டு, நான் கேட்ட வேட்டியை எடுக்கப் போனாள்.